மிளகு என்னும் எல்ஃப் எழுதிக்கொள்வது

“ஏனுங்கம்மா... எங்க புள்ளைய ஆரோ வேவு பாக்கறாங்க. நீங்கதான் ஒரு மனு எழுதித் தரணும்.”

சென்ற வாரம் புதன்கிழமை, சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பெண். காப்பித் தோட்டத்தில் வேலை முடிந்து நேராக வருகிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. விரலெல்லாம் பழக்கறை, சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. அந்தச் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டிப் பெண். அம்மா பெயர் மேகலா. மகள் கனிஷ்கா, நாலரை வயது.

ஏற்காட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து மனு எழுதித் தருவது எனக்கு ஒரு உபதொழில். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், தெருவிளக்கு... பத்திரிகையில் எழுதுகிற அம்மா மனுவும் நன்றாக எழுதுவார் என்று இங்கே ஒரு நம்பிக்கை. ஆனால், வேவு பார்ப்பதைப் பற்றி மனு எழுதச் சொல்லி யாரும் இதுவரை வந்ததில்லை.

“யார் வேவு பாக்கறாங்க? எப்படித் தெரியும்?”

மேகலா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். நாலாக மடித்த பச்சைக் காகிதம். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குட்டித் தொப்பி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தொப்பியை வரைந்தது நான். கடிதத்தை எழுதியதும் நான்தான்!

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்... அப்போதுதான் என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

டிசம்பர் ஆரம்பத்தில் ஸ்டெல்லா வந்திருந்தார். பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளிகளின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாப்பா ஸ்கூலுக்கு அவர்தான் ஆயா, டீச்சர், சமையல் எல்லாம். அவருடைய தங்கை ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறார். கிறிஸ்துமஸுக்கு அங்கே தங்க வரும் குழந்தைகளுக்குப் பெயர் போட்டு எல்ஃப் கடிதம் கொடுப்பார்களாம்.

எல்ஃப் யாரென்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் வேலை செய்கிற குட்டி ஆள். கூர்மையான பெரிய காது, நீளத் தொப்பி. தாத்தா பரிசு கொடுக்கும் முன் எந்தக் குழந்தை எப்படி என்று பார்த்து வந்து சொல்வது இவர் டியூட்டி.

“அந்த எல்ஃபு ரூம் போட்டுத் தங்கற புள்ளைங்களுக்கு மட்டும்தான் எழுதுமாங்க? நம்ம புள்ளைங்களுக்கும் ரெண்டு வரி எழுதச் சொல்லுங்களேன்” என்றார் ஸ்டெல்லா, ஏதோ எல்ஃப் எனக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பதுபோல.

இதற்கு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

மொத்தம் பத்தொன்பது குழந்தைகள். ஒரே கடிதத்தை எழுதி, பெயரை மட்டும் மாற்றிவிடலாம். பத்து நிமிட வேலை. ஆனால் அது மொத்தமாக அடித்து மேலே பெயர் எழுதிக் கொடுக்கிற கல்யாண அழைப்பிதழ் மாதிரி ஆகிவிடும். எனக்கு அது பிடிக்காது. ஸ்டெல்லாவை உட்கார வைத்து ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டு முட்டையில் மஞ்சள் கருவை மட்டும் நாய்க்குப் போடுகிற ஒரு பையன். யார் அழுதாலும் போய்த் தன் கர்ச்சீப்பைக் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திருப்பிக் கேட்டு அழுகிற ஒரு பெண். கடிக்கிற பழக்கத்தை விட்டு முழுசாக மூன்று வாரம் ஆகியிருக்கிற இன்னொரு பையன். அவன் கடிதத்தில், ‘உன் பல்லுக்கு என் வாழ்த்துகள்’ என்று எழுதினேன்.

என் எல்ஃபுக்கு ‘மிளகு’ என்று பெயர் வைத்தேன். சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிதான் அவன் வீடு. பனியெல்லாம் அவனுக்குப் பழக்கம். நம் மலையில் டிசம்பரில் பனிக்கா பஞ்சம்?

நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன். இந்தப் பத்திக்குக்கூட நான் அவ்வளவு நேரம் செலவழித்ததில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் உன் எழுத்துக்கு ஏத்த வாசகர்கள் கிடைச்சிருக்காங்க... ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது” என்றார்.

ஸ்டெல்லா படித்துக் காட்டிய அன்று போனில் அழைத்தார். கடிக்காத பையன் வாயைத் திறந்து எல்லோரிடமும் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தானாம். மஞ்சள் கரு போடுகிறவன், “நாய்க்கும் லெட்டர் வந்துச்சா?” என்று கேட்டானாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எத்தனையோ மேடைகளில், ‘விவரம்தான் எழுத்துக்கு உயிர்’ என்று முழங்கியிருக்கிறேன். அதற்குச் சரியான நிரூபணம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் இரண்டு நாள் நிமிர்ந்தே நடந்தேன்.

அந்த விவரம்தான் புதன்கிழமை என் வாசலில் வந்து நின்றது.

கனிஷ்காவுக்கு நான் எழுதியது இது:

‘அன்புள்ள கனிஷ்காவுக்கு, மிளகு என்னும் எல்ஃப் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல். மரத்து மேலிருந்து உன்னைத் தினமும் பார்க்கிறேன். காப்பிச் செடி நிழலில் சாக்கு விரித்து நீ தூங்குவதைப் பார்த்தேன். உன் அம்மா ஒரு கையால் பழம் பறித்துக்கொண்டே, இன்னொரு கையால் உன்மேல் வெயில் படாமல் கிளையை வளைத்துப் பிடிப்பதையும் பார்த்தேன். எல்லாவற்றையும் என் நோட்டில் குறித்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் தாத்தா வந்ததும் ஒன்றுவிடாமல் சொல்லப்போகிறேன்.’

எவ்வளவு அழகான கடிதம்! எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

கனிஷ்கா அன்று ஸ்கூலுக்கு வராததால், கடிதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில் வீட்டுக்குப் போயிருக்கிறது. மேகலா எட்டாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டாமல் சரளமாகப் படித்துவிட்டார். படித்தவருக்குத் தூக்கம் போய்விட்டது.

“காப்பிக் காட்டுக்குள்ள புள்ளையக் கூட்டிட்டு வரக்கூடாதுங்க. சறுக்கலு, பாம்பு, மருந்து அடிக்கறது... அதனால நொம்பக் கண்டிசன். போன மாசமே ஒருக்கா சூப்பர்வைசர் பாத்து வார்னிங் குடுத்துட்டாரு. இன்னொருக்கா பாத்தா வேலையில்லைன்னுட்டாரு. வேலை போச்சுன்னா எஸ்டேட்டுல குடுத்த லைன் ஊடும் போச்சுங்க.”

“இந்த லெட்டருக்கும் அதுக்கும் என்னம்மா?”

“மறைஞ்சு நின்னு பாக்கறது, நோட்டுல குறிக்கறது... சூப்பர்வைசர விட்டா வேற ஆரு செய்வாங்க?”

“அது எல்ஃப். கிறிஸ்துமஸ் தாத்தாகிட்டதானே சொல்லப்போறதா எழுதியிருக்கு?”

மேகலா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அதாருன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? எங்க மேனேஜர்தாங்க!”

வருஷாவருஷம் சிவப்பு டிரஸ் போட்டு, பஞ்சுத் தாடி ஒட்டி, டிராக்டரில் வந்து கேக் கொடுப்பது எஸ்டேட் மேனேஜர்தானாம். பழுப்பு பூட்ஸைப் பார்த்தே பெரியவர்கள் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

ஆக, கடிதத்தின் பொருள் என்ன? ‘நீ குழந்தையோடு காட்டுக்கு வந்ததைப் பார்த்துவிட்டேன், நோட்டில் எழுதிவிட்டேன், சனிக்கிழமை கிறிஸ்துமஸ் விழாவில் மேனேஜரிடம் சொல்லப்போகிறேன்.’ மேகலாவின் வாதத்தில் ஓட்டை ஒன்றுகூட இல்லை. எந்த வக்கீலும் தோற்றுப்போவார்.

“இனிமேப்பட்டு கூட்டிட்டு வர மாட்டேன், இந்த ஒருக்கா மன்னிச்சுக்கோங்கன்னு எழுதித் தாங்க. அவருக்கு மனசு எரங்கலைன்னா அடிவாரத்துல எங்கக்கா ஊட்டுக்குத்தான் போவணும். அங்கயே எட்டுப் பேரு இருக்காங்க.”

என் கடிதத்துக்குப் பதில் மனுவை என்னையே எழுதச் சொல்கிறார். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை. ஒரு குடும்பத்தின் கூரையை நாலு வரியில் ஆட்டி வைத்திருக்கிறேன், சிரிப்பு எங்கிருந்து வரும்?

இதற்குள் கனிஷ்கா என் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கசக்கிராதீங்க. மிளகு என்னைய மட்டும் பாத்துச்சு. எனக்குத்தான் போட்டுச்சு” என்றாள். அந்த முகத்தில் இருந்த பெருமையை என்னவென்று சொல்ல!

அவளை வீட்டுக்காரரோடு சமையலறைக்குப் பிஸ்கட் சாப்பிட அனுப்பிவிட்டு, மேகலாவிடம் உண்மையைச் சொன்னேன். எழுதியது நான். விவரம் சொன்னது ஸ்டெல்லா. ‘வெளிய சொல்லிராதீங்க’ என்றும் அவர் சொன்னார். நான் சாக்கைக் குறித்துக்கொண்டேன், அந்த வார்த்தையைக் குறித்துக்கொள்ளவில்லை. மேனேஜருக்கு எதுவும் தெரியாது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கடிதத்தை வாங்கி இன்னொரு தடவை படித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்:

“பாத்தேன், பாத்தேன்னு எழுதியிருக்கீங்களே... பாத்தீங்களா?”

“இல்லை.”

“ஒரு கையில பழம் பறிச்சா என்னைக்குங்க சாக்கு நெறையறது? ரெண்டு கையும் செடியிலதான் இருக்கோணும். கிளைய எந்தக் கையில வளைக்கறது?”

இருபது வருஷமாக எனக்கு விமர்சனம் வருகிறது. இவ்வளவு சரியான விமர்சனம் வந்ததில்லை.

“சரி, ஸ்டெல்லாகிட்ட ஏன் விடறதில்லை?”

“அக்கா தங்கமானவங்க. மிஷினுதாங்க பிரச்சினை. நீங்களே ஒரு எட்டு வந்து பாருங்க.”

மறுநாள் போனேன். என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம்தான். பத்தொன்பது கடிதம் எழுதியவள் இந்த இருபது நிமிடத்தைச் செலவழிக்கவில்லை என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பாப்பா ஸ்கூலின் பின்சுவரை ஒட்டியே காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் மிஷின். மற்ற மாதங்களில் தூங்கிக்கொண்டிருக்கும். சீசனில், நேற்று மிச்சமான பழத்தைக் காலையிலேயே போட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஓடத் தொடங்கியதும் ஜன்னல் கம்பி அதிர்கிறது. அலமாரியில் தட்டுகள் நடந்து போகின்றன. ஸ்டெல்லா வாயசைத்துப் பாட்டுச் சொல்லித் தருகிறார், குழந்தைகள் அவருடைய கையைப் பார்த்துப் பாடுகிறார்கள். நாலைந்து பேர் காதைப் பொத்தியபடியே விளையாடுகிறார்கள். பழகிவிட்டதாம்!

“மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?” என்று ஸ்டெல்லாவின் காதில் கத்தினேன்.

“சொன்னேனுங்க. சீசன் முடியட்டும்னாரு” என்று அவரும் கத்தினார். “சீசன் முடிஞ்சா மிஷினே ஓடாதே, அப்பறம் என்னத்தச் சொல்றது?”

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் சாயங்காலம் வரை காதில் வண்டு பறந்துகொண்டிருந்தது. எனக்கே இப்படி. நாலரை வயதுக் காது?

அன்றைக்கே மிளகின் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். இந்த முறை நான் பார்த்ததை மட்டும்.

‘அன்புள்ள கனிஷ்காவுக்கு, மிளகு எழுதிக்கொள்வது. இன்று உன் ஸ்கூலுக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்தேன். மிஷின் கத்தியது. எனக்குக் காது பெரியது என்பது உனக்குத் தெரியும், அதனால் உன்னைவிட எனக்கு அதிகமாகவே வலித்தது. நீ அங்கே இருக்க மாட்டேன் என்றதில் தப்பில்லை. என் நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். அது உன் விஷயம். சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், நீயே சொல்.’

மேகலாவிடம் முதலில் படித்துக் காட்டினேன். “ஆரு கிட்டயும் சொல்ல மாட்டேன்னு போட்டிருக்கீங்கல்ல... அது போதுங்க” என்றார். எனக்கும் நிம்மதி.

இருவருமே கடைசி வரியைச் சரியாகக் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. காப்பி காயப்போடும் களத்தில் விழா. நானும் போயிருந்தேன். மகளைக் கூட்டி வராமலே இருந்துவிடலாம் என்றுதான் மேகலா பார்த்திருக்கிறார். அவள் காலையிலேயே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம். டிராக்டர் வந்தது. சிவப்பு டிரஸ், பஞ்சுத் தாடி, பழுப்பு பூட்ஸ். குழந்தைகள் கத்திய கத்தலில் மிஷினே தோற்றுப்போயிருக்கும்.

வரிசையாகப் போய் ஆளுக்கொரு கேக் துண்டும் கலர் பென்சில் பெட்டியும் வாங்கிக்கொண்டார்கள். கனிஷ்கா முறை வந்தது. தாத்தா பென்சில் பெட்டியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“தாத்தா... நான் அம்மாகூடக் காட்டுக்குப் போவேன். சாக்குல தூங்குவேன்.”

மைக் பக்கத்திலேயே இருந்தது. களம் முழுக்கக் கேட்டது.

என் மணிக்கட்டை மேகலா பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. சூப்பர்வைசர் திரும்பி எங்களைப் பார்த்தார். ‘நீயே சொல்’ என்று எழுதிய என் கையை என்ன செய்வது? ஒரே வாரத்தில் இரண்டாவது தடவையாக இந்தப் பெண்ணின் வேலைக்கு உலை வைக்கிறேனே!

தாத்தா பென்சில் பெட்டியோடு அவள் உயரத்துக்குக் குனிந்தார். அப்புறம், “ஏன் கண்ணு, ஸ்கூலுக்குப் போறதில்லையா?” என்று கேட்டார்.

“மிஷினு கத்துது. காது வலிக்குது. மிளகுக்கும் வலிச்சுச்சு. எல்லாத்துக்கும் வலிக்குது. ஸ்டெல்லா டீச்சர் பாடுறது கேக்கவே மாட்டேங்குது.”

“மிஷின் கத்தாத இடத்துல ஸ்கூல் வெச்சா போவியா?”

“போவேன்.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “அம்மாவத் திட்டக் கூடாது.”

ஐந்நூறு கண்கள் அந்தப் பஞ்சுத் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால், கண்டிப்பானவர். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ‘ரூல்ஸ்’ என்றிருப்பார், ‘சீசன் முடியட்டும்’ என்றிருப்பார். அன்றைக்கு அவர் இருந்தது வேறு டிரஸ்ஸில். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டுக்கொண்டு ஒரு குழந்தையிடம் எப்படி ‘ரூல்ஸ்’ என்று சொல்ல முடியும்? வேஷம் என்பது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. போட்டுக்கொண்டால் அதற்குத் தகுந்தபடி நடந்துதான் தீரவேண்டும்.

“தாத்தா யாரையும் திட்ட மாட்டேன் சாமி” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்கூல் மேனேஜர் பங்களா அவுட்ஹவுஸ்ல நடக்கும். நான் அவர்கிட்ட சொல்லிடறேன்.”

“மறந்துர மாட்டீங்கல்ல?”

“மாட்டேன்.”

அதற்கப்புறம்தான் அவள் பென்சில் பெட்டியை வாங்கிக்கொண்டாள். பெரியவர்கள் பக்கமிருந்து எழுந்த கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஸ்டெல்லா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன்... கர்வமாகவே இருந்தது. இந்த வாரம் யார் எதிரே வந்தாலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது உங்களிடம்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். ஆம், போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவுட்ஹவுஸ் சுவரில் பத்தொன்பது பச்சைக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. ஸ்டெல்லாவின் குரல் கேட்டைத் தாண்டிக் கேட்டது. அவர் பாடுவது சுமார்தான், ஆனால் குழந்தைகள் மெய்மறந்து கேட்டார்கள். கனிஷ்கா முதல் வரிசையில் இருந்தாள்.

நாலரை மணிக்கு மகளைக் கூட்டிப்போக மேகலா வந்தார். காட்டில் சாக்கு மட்டும்தான் கூட வந்ததாம், பறிக்கிற சாக்கு. சூப்பர்வைசர் எதுவும் கேட்கவில்லையாம்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “பாத்தீங்களா மேகலா... எத்தனையோ மனு எழுதியிருக்கேன், ஒண்ணும் நகந்ததில்லை. என் லெட்டர் ஒரு ஸ்கூலையே நகர்த்திடுச்சு!” என்றேன்.

மகளின் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டே மேகலா நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“லெட்டரு நீங்க எழுதினதுதாங்க, இல்லைங்கல. பேசுனது எம்புள்ள!”